கன்றுக் கயிறும் மேல் போல்ட்டும்

என் கணவர் கார் ரிப்பேர் செய்யும்போது நான் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். நின்றால் பேசுவேன். பேசினால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே போடுவார். அது எங்காவது உருண்டு போகும். தேடி எடுத்துக் கொடுப்பதும் நானாகத்தான் இருக்கும். அதனால் அவர் பானெட்டைத் தூக்கினால் நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அங்கிருந்து பேசுவேன்.

அவர் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் ஆசிரியர். நான் அரசு கால்நடை மருத்துவர். அரியலூர் டவுனை ஒட்டிய ஒரு தெருவில் அவருடைய அப்பா அம்மாவோடு இருக்கிறோம். எனக்கு ஸ்கூட்டர் போதும். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மாடு வீட்டுக்குப் பின்னால்தான் கட்டியிருக்கும். அதுவரைக்கும் ஸ்கூட்டர்தான் போகும். அவருக்குத்தான் கார் ஆசை. கார் ஓட்டும் ஆசைகூட இல்லை, காரைக் கழற்றும் ஆசை. போன வருடம் ஒரு பழைய காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். எஞ்சின் நீளவாக்கில் கிடக்கும் பழைய மாடல். "இந்த மாதிரி வண்டியிலதான் எல்லாத்தையும் நாமளே கையால கழட்டலாம்" என்றார். சொன்னபடியே வந்த நாளிலிருந்து எல்லாம் கையோடு கழன்று வந்தது. பின் ஜன்னல் கண்ணாடி இறக்கும் கைப்பிடி முதலில் வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் அதன் ஸ்டார்டர் மோட்டார் மக்கர் பண்ணத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. தள்ளினால் கிளம்பிவிடும். ஆகவே தினமும் தள்ளினோம். அவர் உள்ளே உட்கார்ந்து கியரைப் போட்டுக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளுவேன். தெருவில் போகிறவர்கள் கை கொடுப்பார்கள். முதலில் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். பிறகு எங்கள் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

மாமா மட்டும் ஒரு நாளும் தள்ள வந்ததில்லை. மாமா என்றால் என் மாமனார். கார் தள்ளும் நேரம் பார்த்து உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். முட்டி வலி என்று நினைத்துக்கொண்டு நானும் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டியில் மாமாவின் தங்கை பேத்திக்குக் கல்யாணம். ஜெயங்கொண்டம் தாண்டி இருக்கும் மீன்சுருட்டிதான் மாமாவின் சொந்த ஊர். மகனுக்கு வேலை கிடைக்கும்வரை அந்த ஊரில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர் அவர். அத்தை, அதாவது என் மாமியார், கல்யாண வேலைக்கென்று முன்னாடியே பஸ் ஏறிப் போய்விட்டார். மாமா தினமும் போனில் தங்கையைக் கூப்பிட்டு ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நாங்க கார்ல வரோம். வாசல்ல எடம் வுட்டு வையி. பந்தல் போடுறவன்கிட்ட இப்பவே சொல்லிடு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கும்போது என் கணவர் சாதாரணமாகச் சொன்னார். "மெக்கானிக் மாலை போட்டு சபரிமல போயிட்டாருப்பா. இன்னொரு கடையில கேட்டா திங்கக்கிழம கொண்டாங்கன்றான். ஞாயித்துக்கிழம இங்க ரெண்டு பேரு தள்ளி வுட்டா போயிடலாம். வரும்போது அங்க நம்ம பசங்க தள்ளி வுட மாட்டானுங்களா?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் பஸ்ல போயிடுறேன்" என்றார்.

"ஏம்ப்பா?"

"தள்ளுற வண்டியில நான் அந்த ஊருக்கு வரல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் வேலை செய்த பண்ணை வீட்டில் ஒரு கார் இருந்ததாம். மழைக்காலத்தில் அது சொந்தமாகக் கிளம்பாது. "வயல்ல நின்னா வயல்ல இருந்து கூப்புடுவாங்க. சோத்துல கை வச்சிருந்தா கை கழுவிட்டு ஓடணும். சேத்துல நின்னு தள்ளுவோம். கெளம்புனதும் எங்க மேல சேத்த வாரி அடிச்சிட்டுப் போவும். ஒரு தரம்கூட நின்னு, ஏறிக்கன்னு சொன்னதில்ல." இதையெல்லாம் கோபமே இல்லாமல், வேறு யாருக்கோ நடந்தது மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னார். கடைசியில்தான் குரல் மாறியது. "இப்ப அதே தெருவுல என் வண்டி நிக்க, என் தங்கச்சி பேரனுங்க தள்ள, நான் உள்ள உக்காந்துருக்கிறதா? வேணாம்டா. சாவியத் திருப்புனா கெளம்பணும். இல்லாட்டி பஸ்ஸு இருக்கு."

முட்டி வலி என்று முடிவு கட்டிய என் புத்தியை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது. என் கணவர் எழுந்து போய் டூல் பாக்ஸை எடுத்து வந்து வாசலில் வைத்தார். "நாளைக்கு மோட்டாரக் கழட்டி, உள்ள இருக்கிற கார்பன் பிரஷ்ஷ மாத்தி, நாளைக்கே மாட்டிடுறேன்" என்றார்.

சனிக்கிழமை காலை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மனிதர் உற்சாகமாகத்தான் இருந்தார். காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் மரக்கட்டைகளையும் முட்டுக் கொடுத்திருந்தார். டிரைவர் பக்கத்துச் சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. ஸ்டார்டர் மோட்டார் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டே போல்ட். கீழ் போல்ட் நான் செருப்பு மாட்டுவதற்குள் வந்துவிட்டது. "பாதி வேல முடிஞ்சுது" என்று அதைத் தூக்கிக் காட்டினார்.

மத்தியானம் நான் திரும்பி வந்தபோது மீதிப் பாதி அப்படியே இருந்தது. அவர் முன்கையெல்லாம் சிராய்ப்பு. மேல் போல்ட்டின் தலை பின்பக்கம் பார்த்து, கியர் பாக்ஸுக்கும் காரின் உள்சுவருக்கும் நடுவில் ஒளிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் குழாய்கள் மறைத்தன. கீழிருந்து பார்த்தால் ஓர் இரும்புச் சட்டம் மறைத்தது. கண் போகிற வழியில் கை போகவில்லை, கை போகிற வழியில் கண் போகவில்லை. ஸ்பேனரில் நீளக் கம்பி சேர்த்துப் பார்த்திருக்கிறார், வளைகிற மூட்டு போட்டுப் பார்த்திருக்கிறார், ஒரு கட்டத்தில் கை உள்ளே மாட்டிக்கொண்டு மாமா வந்து சோப்புத் தண்ணீர் ஊற்றி எடுத்துவிட்டிருக்கிறார்.

செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வெளிநாட்டுக்காரர் மேல் போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்கிறார். அடுத்த காட்சியில் மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று அவருடைய மனைவியைக் கேட்டால்தான் தெரியும்.

இப்போது தள்ளியும் ஓட்ட முடியாது. ஒரு போல்ட் இல்லாமல் மோட்டார் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் மாமாவின் வெள்ளை வேட்டியும் சட்டையும் இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தன. என்னைப் பார்த்ததும் மாமா, மகன் காதில் விழாமல் கேட்டார். "ஜெயங்கொண்டத்துக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கும்மா?"

அந்தக் கேள்வி எனக்குப் பொறுக்கவில்லை. நேரே வாசலுக்குப் போய் "நகருங்க" என்றேன்.

"இது உன் வேல இல்ல."

"கண்ணுக்குத் தெரியாத எடத்துல கைய வுட்டு, உள்ள எது எங்க இருக்குதுன்னு தடவிப் பாத்துக் கண்டுபிடிக்கணும். இது என் வேல இல்லாம யாரு வேல?"

அவர் நகர்ந்தார். பழைய நைட்டிக்கு மேல் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, மாட்டுக்குக் கையை விடும்போது பூசும் வழுவழுப்பான ஜெல்லை முழங்கை வரை தடவிக்கொண்டேன். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். கன்னத்தை இரும்புச் சட்டத்தில் அழுத்திக்கொண்டால் தோள் இன்னும் கொஞ்சம் மேலே போனது. பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். கண் திறந்திருந்தால் விரல் சோம்பேறியாகிவிடும்.

முதலில் ஒரு வயர். அதைத் தாண்டி ஒரு குழாய். அப்புறம் கனமான ஒரு விளிம்பு, எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அடையாகப் படிந்தது. விளிம்புக்குப் பின்னால் விரலை மடக்கினால் ஆறு முனை. "கிடைச்சிருச்சு" என்றேன். "தலை நேராத்தான் இருக்கு." கன்றுக்குட்டியின் தலையைத் தொட்டதும் மாட்டுக்காரர்களிடம் சொல்கிற அதே வார்த்தை வாயில் வந்துவிட்டது. என் கணவர் ரிங் ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். அதை இரண்டு விரலில் ஏந்திக் கொண்டுபோய்ப் போல்ட் தலையில் உட்கார வைத்தேன். ஸ்பேனரின் கைப்பிடி கீழ்நோக்கித் தொங்கியது. அதைப் பிடிக்க எனக்கு மூன்று விரலுக்குத்தான் இடம் இருந்தது.

"எந்தப் பக்கம் தள்ளணும்?"

அவர் காருக்கு முன்னால் நின்று பானெட்டுக்குள் குனிந்து யோசித்தார். கையைக் காற்றில் சுற்றிப் பார்த்துக்கொண்டார். "இடது பக்கம்" என்றார்.

இடது பக்கம் தள்ளினேன். உயிரைக் கொடுத்துத் தள்ளினேன். மயிரிழை அசைந்தது. "அசையுதுங்க" என்றேன். காலையிலிருந்து அசையாதது அசைந்துவிட்டது என்று அவர் பானெட்டைத் தட்டினார். மாமா உடனே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். டீ குடித்துவிட்டு மறுபடியும் படுத்துத் தள்ளினேன். இன்னும் ஒரு மயிரிழை. "வந்துடும், வந்துடும்" என்றார் மாமா. அதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் மலையைத் தள்ளுவது போலத்தான் இருந்தது. என் கணவர் டார்ச்சை எடுத்து வந்து மேலிருந்து அடித்தார். போல்ட் தெரியாவிட்டாலும் என் மணிக்கட்டு அவருக்குத் தெரிந்தது.

"எந்தப் பக்கம் தள்ளுற நீ?"

"இடது பக்கம்."

"அது வலது."

"இது இடது."

"நான் சொல்றேன், அது வலது பக்கம்."

"இத்தனை வருஷமா இடது வலது தெரியாமயா நான் வைத்தியம் பாக்குறேன்?" என்று அடியிலிருந்து கத்தினேன். அப்படிக் கத்தும்போதுதான் எனக்கே உறைத்தது.

எங்கள் படிப்பில் முதலிலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். இடது என்றால் மாட்டுக்கு இடது. மருத்துவர் எந்தப் பக்கம் நிற்கிறார், முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. இத்தனை வருடத்தில் எனக்கென்று சொந்தமாக ஓர் இடது பக்கம் இல்லாமல் போய்விட்டது. காருக்கு அடியில் படுத்ததும் பானெட் மூஞ்சியாகவும் டிக்கி வாலாகவும் எனக்குத் தானாகவே ஆகிவிட்டிருக்கிறது. அவரோ காரின் மூஞ்சிக்கு நேர் எதிரே நின்றுகொண்டு தன்னுடைய இடது கையைச் சொல்லியிருக்கிறார். நான் காருக்கு இடது பக்கம் தள்ளியிருக்கிறேன். நாங்கள் டீ போட்டுக் கொண்டாடிய அசைவெல்லாம் போல்ட்டை இறுக்கிய அசைவு.

இதை நான் அடியில் படுத்துக்கொண்டே விளக்கினேன். தலையைத் திருப்பிப் பார்த்தேன். என் கணவரின் கால்கள் மெதுவாக மடங்கி அவர் தரையில் உட்காருவது தெரிந்தது. அப்போது மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "காருக்கு மூஞ்சி எந்தப் பக்கம்னு மொதல்லயே கேட்டுருக்கணும்டா" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரிக்க முடியாது, வயிறு இடிக்கிறது. அப்படியும் சிரித்தேன். கடைசியாக அவரும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் நிலைமை அப்படியே இருந்தது. அப்படியே கூட இல்லை, காலையில் இருந்ததைவிட மோசமாக இருந்தது. சரியான பக்கம் தள்ள எனக்கு மூன்று விரல்தான். போல்ட்டோ நாங்கள் இறுக்கிய இறுக்கு. மூன்று விரலால் அது வராது என்று தள்ளிப் பார்க்காமலே தெரிந்தது. மாமா வேட்டியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு "போதும் வுடுங்கம்மா. கஷ்டப்படாதீங்க. பஸ்ஸுல போனா என்ன" என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் எழுந்து போய் என் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலிருந்து கன்றுக் கயிற்றை எடுத்து வந்தேன். ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்குக் கன்றை இழுத்து எடுக்கும் பருத்திக் கயிறு அது. ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்து உலர்த்தித் துணியில் சுற்றி வைத்திருப்பேன். வீட்டில் கொடி கட்டக்கூடக் கொடுத்ததில்லை. அதைப் பார்த்ததும் என் கணவருக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது.

மாட்டுக்குள் கை விட்டிருக்கும்போது அந்தக் கைக்குப் பலம் கிடையாது. தோள் வரை மாட்டிக்கொண்டிருக்கும் கையால் எதை இழுக்க முடியும்? பலமெல்லாம் வெளியே கயிற்றைப் பிடித்து நிற்பவர்களுடையது. உள்ளே இருக்கும் கை சுருக்கை மாட்டும், மாட்டிய இடம் நழுவாமல் பார்த்துக்கொள்ளும், எப்போது இழுக்க வேண்டும் என்று சொல்லும். அவ்வளவுதான். இதை நான் மூச்சு விடாமல் அவருக்குச் சொன்னேன். அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். ஸ்பேனர் கைப்பிடியின் நுனி வளையத்தில் கட்டிய கயிறு நழுவாமல் நிற்க ஒரு துணியைச் சுற்றிக் கொடுத்தது அவருடைய யோசனை. "இனிமே இடது வலது பேச்சே கிடையாது. டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம். அவ்வளவுதான்" என்று சட்டமும் போட்டார். கயிற்றின் மறுமுனையைக் கழற்றிய சக்கரத்தின் இடைவெளி வழியாக டிரைவர் பக்கம் வெளியே எடுத்தார்.

நான் மறுபடியும் படுத்து ஸ்பேனரை உட்கார வைத்து, அது விலகாமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வெளியே இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. "மாமா, நீங்க எதுக்கு? அவரே இழுக்கட்டும்" என்றேன்.

"தள்ள மாட்டேன்னுதானே சொன்னேன். இழுக்க மாட்டேன்னா சொன்னேன்?" என்றார் மாமா.

"வெடுக்குன்னு இழுக்காதீங்க. நான் சொல்லும்போது ஒரே சீரா இழுங்க. நிறுத்துன்னா நிறுத்திடணும்."

கயிறு விறைத்தது. விரலுக்கடியில் ஸ்பேனர் கொஞ்சம் சாய்ந்தது, "நிறுத்துங்க" என்றேன். சரிசெய்தேன். "இப்ப இழுங்க." மறுபடியும் விறைத்தது. "இன்னும். இன்னும். வுடாதீங்க, வுடாதீங்க." கயிற்றின் முறுக்கு கிறீச்சிடுவது கேட்டது. விரல் நுனியில் போல்ட் கல்லாக நின்றது. நான் வழக்கப்படி மாட்டிடம் பேசுவது போலப் பேசத் தொடங்கினேன். "நில்லும்மா, ஆச்சும்மா, இதோ ஆச்சு."

டக்கென்று ஒரு சத்தம். என் விரலுக்கடியில் அந்த இரும்பு நழுவித் திரும்பியது. வெளியே இரண்டு பேரும் பின்பக்கமாக விழுந்தார்கள்.

"என்னாம்மா" என்று தரையில் உட்கார்ந்தபடியே மாமா கேட்டார். "காளையா, கெடேரியா?"

அதற்கப்புறம் அந்தப் போல்ட் குழந்தை மாதிரி கூடவே வந்தது. விரலாலேயே சுற்றிச் சுற்றி எடுத்தேன். மோட்டாரை இறக்கி வெளியே வைத்ததும் என் கணவர் அதை அத்தையின் வயர் கூடையில் போட்டு, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினார். அங்கே அவருக்குத் தெரிந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருந்தார். கண்டக்டர் கூடையைப் பார்த்து "கோழிக்கெல்லாம் டிக்கெட் போடணும் சார்" என்றாராம். எலக்ட்ரீஷியன் மோட்டாரைப் பிரித்து, தேய்ந்துபோன பிரஷ்களை மாற்றி, உள்ளே துடைத்துக்கொண்டே "இந்த மாடல்ல மேல் போல்ட்ட வூட்ல வச்சு யாரு சார் கழட்டுனா?" என்று கேட்டாராம். "என் வூட்டுக்காரம்மா" என்று இவர் சொன்னாராம். இதை வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார். நான் காதில் விழாதது போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. சம்பள உயர்வு வந்தபோதுகூட இவ்வளவு இல்லை.

அன்று ராத்திரியே டார்ச் வெளிச்சத்தில் மாட்டினோம். கழற்றும்போது போல்ட் முரண்டு பிடிக்கும்; மாட்டும்போது ஏமாற்றும். நேராகப் போகிறது என்று நம்ப வைத்துக் குறுக்கே ஏறிவிடும். நான் அதன் தலையில் கொஞ்சம் கிரீஸைத் தடவி விரலில் ஒட்டிக்கொண்டு போய், ஓட்டையில் வைத்து, முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். மரையும் மரையும் சந்திக்கும் இடத்தில் லேசாக ஒரு சறுக்கல் விரலுக்குத் தெரிந்தது. அங்கிருந்து சரியான பக்கம் சுற்றியதும் சமர்த்தாக ஏறியது. இறுக்குவதற்குக் கயிற்றைக் கிளீனர் பக்கம் எடுத்து இழுத்தோம்.

சாவியைத் திருப்பினார். டிக் என்றுகூடச் சத்தம் வரவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காரைத் தூக்கிக் கவிழ்த்திருப்பேன். அப்புறம் பார்த்தால் பேட்டரி வயரை மாட்டாமல் வைத்திருக்கிறார் மகானுபாவர். மாட்டிவிட்டுத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் எடுத்துக்கொண்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் நின்று தள்ளவில்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். "நீங்க ஒரு தடவ திருப்பிப் பாருங்கப்பா" என்று என் கணவர் கூப்பிட்டார். மாமா வரவில்லை. "அங்க பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் முன் சீட்டில். ராத்திரி பெய்த மழையில் சாலை கழுவிவிட்டது போல் இருந்தது. சிமெண்ட் லாரிகள்கூட அன்றைக்குச் சுத்தமாகத் தெரிந்தன. ஜெயங்கொண்டத்தில் டீக்கடையில் நிறுத்தினோம். என் கணவர் எஞ்சினை அணைக்காமலே இறங்கப் பார்த்தார். அவர் பயம் அவருக்கு. "அணைடா" என்றார் மாமா. அணைத்தார். மூன்று பேரும் டீயை வாயில் வைத்துக்கொண்டு காரையே பார்த்தோம். திரும்ப வந்து சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. மாமா கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டார்.

கல்யாண வீட்டு வாசலில் எங்களுக்கு விட்டு வைத்த இடத்தில் சமையல் பாத்திரம் ஏற்றி வந்த வேன் நின்றுகொண்டிருந்தது. தெருவில் இரண்டு பக்கமும் கார்கள், பைக்குகள். தெருக்கோடி வரை போய், கடைசி காருக்கும் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வந்தோம். நாங்கள் காரில் வந்ததை ஓர் ஆள் பார்க்கவில்லை. எனக்குத்தான் முணுமுணுவென்று வந்தது. மாமா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர், தாலி கட்டும்போது முதல் வரிசையில் இருந்தார், பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடித்து, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்கு வந்தோம். அத்தை பின் சீட்டில் ஏறிச் செருப்பைக் கழற்றிவிட்டார். மாமா ஏறவில்லை. மகனிடம் கையை நீட்டி "சாவியக் குடு" என்றார்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அவர் வண்டி ஓட்டியதே இல்லை. என் கணவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். மாமா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். எஞ்சின் சட்டென்று எடுத்துக்கொண்டது.

நான் தெருவைப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. பந்தலிலிருந்து வந்தவர்கள் அவரவர் வண்டியைத் தேடிக்கொண்டு போனார்கள். ஒரு பையன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் பூவைப் பற்றிப் பேசிக்கொண்டே எங்கள் காரைச் சுற்றி நடந்து போனார்கள். ஒரு கார் கிளம்பியதை இந்தக் காலத்தில் யார் நின்று பார்ப்பார்கள்? எனக்கு அழுகை வரும் போல இருந்தது. இந்தத் தெரு இதைப் பார்க்க வேண்டும் என்றுதானே அவ்வளவு பாடுபட்டோம்.

மாமா எஞ்சினை அணைத்தார். கொஞ்சம் காத்திருந்தார். மறுபடியும் திருப்பினார். கிளம்பியது. அணைத்தார். மறுபடியும் திருப்பினார்.

"பேட்டரி எறங்கிடும்ப்பா" என்றார் என் கணவர்.

மாமா அவரைக் கவனிக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா, யாரையும் கூப்புட வேண்டியதில்ல" என்றார்.

எஞ்சினை ஓட விட்டுவிட்டு இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் அத்தை பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.